நல்ல பில்டிங்குக்கு மட்டும்

1

கடலூரில் நான் இன்ஜினியர். கனடாவில் அப்படிச் சொல்லிக்கொண்டால் சட்டப்படி தப்பு. இதை ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. "பி.இ. படிச்சவன் இன்ஜினியர் இல்லன்னா வேற யாருய்யா இன்ஜினியர்?" என்று பழைய சிநேகிதர்கள் போனில் சிரிக்கிறார்கள். இந்த நாட்டில் உரிமம் வாங்கியவன்தான் இன்ஜினியர். மற்றவன் எத்தனை பாலம் கட்டிவிட்டு வந்திருந்தாலும் படம் வரைகிற ஆள்தான்.

நான் அந்தப் படத்தைத்தான் பல வருஷமாக வரைந்துகொண்டிருக்கிறேன். வந்து பதின்மூன்று வருஷம் ஆகிறது. முதல் இரண்டு வருஷம் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி தூக்கினேன். அதை நான் ஊரில் யாருக்கும் சொன்னதில்லை. இப்போது எழுதியாகிவிட்டது, போகட்டும். அதற்குப் பிறகு ஒரு சின்ன கம்பெனியில் கணினியில் கட்டட வரைபடம் போடும் வேலை. நான் போட்டதை மேகன் என்ற முப்பத்திரண்டு வயதுப் பெண் பார்ப்பாள், சிவப்பில் திருத்துவாள், தன் முத்திரையை வைப்பாள். நல்ல பெண். என் பெயரைச் சொல்ல ஆறு மாதம் முயன்றுவிட்டு 'ஞானா' என்று நிறுத்திக்கொண்டாள். எம். ஞானசேகரன் என்ற முழுப்பெயர் இப்போது என் பாஸ்போர்ட்டிலும், பின்னால் சொல்லப்போகிற ஒரு ரப்பர் ஸ்டாம்பிலும்தான் இருக்கிறது.

இந்த வருஷம் மேகன் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள்: அடுத்த கோடைக்குள் உரிமம் வாங்கிவிடு, நான் வேறு பதவிக்குப் போகிறேன், என் இடத்துக்கு உன் பெயரைச் சொல்கிறேன். நாற்பத்தொன்பது வயதில் ஒருத்தர் நம்மை நம்பிச் சொல்லும்போது வேண்டாமென்று சொல்ல முடியுமா? படிப்பையும் அனுபவத்தையும் உரிமம் தருகிறவர்கள் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருந்தார்கள். பாக்கி இரண்டு. ஒன்று, பொறியாளர்களுக்கான அறநெறியும் சட்டமும் என்கிற பரீட்சை. இன்னொன்று ஒரு படிவம்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி. உங்கள் தொழில் நடத்தையைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா? 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம். ஆம் என்றால் விவரம் எழுதக் கீழே காலி இடம். நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் 'இல்லை'யில் டிக் போட்டுவிட்டு டீ வைக்கப் போனேன். பரீட்சை முடிந்ததும் அனுப்பலாம் என்று அதை எடுத்து வைத்துவிட்டேன்.

2

பரீட்சைக்குப் படிக்கவைத்தது என் மகள் யாழினி. கல்லூரியில் இருக்கிறாள். சனிக்கிழமை காலையில் வந்தால் சமையலறை மேஜையில் உட்கார்ந்து கேள்வி கேட்பாள். நான் தமிழில் பதில் சொல்வேன், அவள் இங்கிலீஷில் திருத்துவாள். எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் ஓடுகிறது. நாங்கள் பேசுவது அத்தனையும் அவளுக்குப் புரியும். திருப்பித் தமிழில் சொல்லத்தான் வாய் வராது.

ஒரு கேள்வி. உங்களோடு வேலை செய்கிற பொறியாளர், தான் போய்ப் பார்க்காத கட்டடத்துக்கு முத்திரை வைத்திருக்கிறார் என்று தெரியவருகிறது. நீங்கள் என்ன செய்ய வேண்டும்? ஏ, பி, சி, டி என்று நாலு பதில் கொடுத்திருந்தார்கள். நான் முதல் பதிலைச் சொன்னேன்: தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது.

"ராங் அப்பா. சி. ரிப்போர்ட் பண்ணணும்."

"கூட வேலை செய்யறவனம்மா. எடுத்த எடுப்புல மேல போய் எழுதிக் குடுத்துட்டா நாளைக்கு அவன் மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"பீப்பிள் ஆர் லிவிங் இன் தட் பில்டிங், அப்பா."

அன்று பத்துக் கேள்வியில் ஏழு தப்பு. ஏழிலும் ஒரே தப்பு. எங்கே பார்த்தாலும் நான் ஆளைக் காப்பாற்றும் பதிலாகப் பார்த்து எடுத்திருந்தேன். புத்தகம் கட்டடத்துக்குள் இருக்கிற முகம் தெரியாதவர்களைக் காப்பாற்றச் சொல்கிறது. கடலூரில் பன்னிரண்டு வருஷம் தொழில் செய்தவனுக்கு இது புதிதாகத் தெரிந்தது என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முத்திரையைப் பற்றித் தனியாக ஓர் அத்தியாயம் உண்டு. நீயே செய்ததற்கோ, உன் நேர் மேற்பார்வையில் செய்ததற்கோதான் வைக்கலாம். முத்திரை உன் கையை விட்டுப் போகக் கூடாது. இதைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். அப்போதும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை பாருங்கள்.

3

உறைத்தது ஆயுதபூஜை அன்றைக்கு.

இங்கே அது ஒரு வேலைநாள். காலையில் ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். ஊரில் சாயங்காலம். என் மச்சான் குமரவேல் வழக்கம்போல வாட்ஸப்பில் பூஜைப் படம் அனுப்பியிருந்தான். என் மனைவி வசந்தியின் தம்பி அவன். டிப்ளமோ படித்தவன். ஊரில் எனக்கு வலது கையாக இருந்தவன். நான் விட்டுவிட்டு வந்த மஞ்சக்குப்பம் மாடி ஆபீசை இன்றைக்கும் அவன்தான் நடத்துகிறான். வருஷா வருஷம் இந்தப் படம் வரும், நான் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

இந்த வருஷம் ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லெவல் மெஷின், டேப்பு, தூக்குக்குண்டு, லேப்டாப், அவனுடைய ஸ்கூட்டர் சாவி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். முன்னால் பொரியும் கடலையும். ஓரத்தில் மரப்பிடி போட்ட ஒரு ரப்பர் ஸ்டாம்பு, பிடியில் மஞ்சள் நூல். அந்த நூலைக் கட்டியவன் நான். அது என் சீல்.

பழைய படங்களைத் தேடிப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் இருந்தது. நான்தான் கவனிக்கவில்லை. ஆனால் இந்த வருஷப் படத்தில் ஸ்டாம்பைச் சாய்த்து வைத்திருந்தான். ரப்பர் முகம் தெரிந்தது. அதில் ஊதா மை பளபளவென்று இருந்தது. பதின்மூன்று வருஷம் சும்மா கிடந்த ஸ்டாம்பில் மை அப்படி இருக்காது.

கிளம்பிய வாரத்தைச் சொல்லவேண்டும். விசா வந்துவிட்டது, பத்து நாளில் கிளம்ப வேண்டும். பாதியில் நிற்கிற வேலை ஏகப்பட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்குப் போனாலும் திருப்பதிக்குப் போனாலும் இன்ஜினியர் தன் லெட்டர்ஹெட்டில் நாலு வெற்றுத் தாளுக்குக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போவார். பையன்கள் விஷயத்தை டைப் அடித்து, சீல் வைத்து, ஆபீசில் கொடுத்துவிடுவார்கள். யாரும் அதைத் தப்பென்று நினைத்துப் பார்த்ததில்லை, நானும்தான். நான் நாலுக்குப் பதிலாக இருபது தாளில் போட்டேன். சீலை என்ன செய்வது என்று யோசித்தபோது குமரவேல் சொன்னான்: "பூஜையில வச்ச பொருள் மாமா. தூக்கிப் போடக் கூடாது. எங்கிட்டயே இருக்கட்டும்." எனக்கு அப்போது கண் கலங்கியது. நல்ல மச்சான் கிடைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

4

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும் முன் வீடியோவில் கூப்பிட்டேன்.

"மாமா! போட்டோ பாத்தீங்களா? இந்த வருஷம் ஆபீசுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சிருக்கேன், தெரியுதா?"

"தெரியுது. சீல்ல மை ஈரமா இருக்குதே மச்சான்."

"அது ஒரு கதை மாமா, சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு காட்டணும்." மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கேமராவில் காட்டினான். என் பெயரில் உரிமம். இந்த வருஷத்துக்குப் புதுப்பித்தது. "வருஷா வருஷம் நான்தான் ரினியூவல் பண்ணிட்டு வரேன். விட்டுப்போச்சுன்னா திரும்ப வாங்கறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா? அக்காகிட்டகூடச் சொல்லல. நாளைக்கே நீங்க திரும்பி வந்தாலும் நேரா வந்து உக்காரலாம். உங்க சேர்ல நான் இதுநாள் வரைக்கும் உக்காந்ததில்ல மாமா."

கேமராவைத் திருப்பினான். என் பழைய நாற்காலி அப்படியே இருந்தது. அதிலும் ஒரு சந்தனப் பொட்டு. கனடாவில் ஒரு நாற்காலிக்காக நான் ராப்பகலாகப் படித்துக்கொண்டிருக்க, மஞ்சக்குப்பத்தில் ஒரு நாற்காலியை எனக்காகத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறான். அதையும் தாண்டிக் கோபம் வந்தது.

"குமரவேலு, என் சீலை எதுக்காவது போட்டியா?"

"எல்லாத்துக்கும் போடுவனா மாமா? உங்க பேரு அது. நல்ல பில்டிங்குக்கு மட்டும்தான்."

"எத்தன?"

"இருபது தாள் குடுத்துட்டுப் போனீங்க. இன்னும் ஒண்ணு இருக்குது."

"அறிவிருக்காடா உனக்கு? நான் நாட்டுலயே இல்ல. நான் பாக்காத பில்டிங்குக்கு நான் பாத்தேன்னு சான்று குடுத்திருக்க. நாளைக்கு ஒண்ணு இடிஞ்சு விழுந்தா யாரைக் கேப்பாங்க?"

அவனை நான் அதுவரை டா போட்டதில்லை. அவன் முகம் சுருங்கிப்போனது. "மாமா, அந்த மை விஷயம் கேளுங்க…" என்று ஆரம்பித்தான். நான் கேட்காமல் வைத்துவிட்டேன்.

5

வசந்தி மருந்துக் கடைக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், கோட்டைப் பாதி மாட்டியபடி நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அவன் உங்க சீலைத் திருடினானா?"

"திருடல. ஆனா…"

"வெத்துத் தாள்ல இருபது கையெழுத்துப் போட்டது யாரு? அவனா? குடுக்கும்போது இனிச்சுது. இப்ப அவனுக்கு அறிவிருக்கான்னு கேக்குறீங்க."

"பரீட்சைல என்ன போட்டிருக்குன்னு உனக்குத் தெரியுமா? இதை நான் மறைக்கக் கூடாது. சொல்லியாகணும்."

"யார்கிட்ட? அந்தப் படிவத்துலயா? சொன்னா உங்களுக்கு லைசென்ஸ் குடுப்பாங்களா?"

"தெரியாது."

"அங்க என் தம்பி பேரும் அடிபடும். போலீஸ், கேஸுன்னு அலையணும். அவனுக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குது. இங்க மேகன் வேலையும் போச்சு. பதிமூணு வருஷம் குளிர்ல செத்துச் சுண்ணாம்பாகி இதுக்கா?" அவள் அழவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். "இல்லன்னு டிக் போட்டாச்சுல்ல. அப்படியே அனுப்புங்க. யாரு வந்து பாக்கப் போறா?"

யாழினி அந்த வாரம் வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். மறைக்காமல்தான் சொன்னேன். கேட்டுவிட்டு, "யூ நோ த ஆன்ஸர், அப்பா. இட்ஸ் சி" என்றாள்.

"அவன் உன் தாய்மாமன்டி. உனக்குக் காது குத்தும்போது மடியில வச்சிருந்தவன்."

"ஐ நோ. பட் ஸ்டில் சி."

அவளைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. அவள் வளர்ந்த ஊரின் சட்டத்தைச் சொல்கிறாள். அவளுக்குக் குமரவேல் திரையில் வந்து கையாட்டிவிட்டுப் போகிற ஒரு மீசை. எனக்கு அவன் அப்படி இல்லை. மூன்று நாள் நான் வேலையில் போட்ட படமெல்லாம் தப்பு. மேகன் எல்லாவற்றையும் சிவப்பாக்கித் திருப்பி அனுப்பினாள்.

6

ஞாயிற்றுக்கிழமை காலையில் குமரவேலே கூப்பிட்டான். பின்னால் மழை கொட்டுகிற சத்தம். எங்கள் பக்கத்தில் ஐப்பசி மழை ஆரம்பித்துவிட்டால் எல்லாச் சத்தமும் அதற்குள் போய்விடும். கையில் டார்ச் வைத்திருந்தான்.

"மாமா, திட்டறதா இருந்தா அப்புறம் திட்டுங்க. இப்ப இதைப் பாருங்க. சிதம்பரத்துல நிக்கிறேன்."

ஒரு நர்சரிப் பள்ளியின் கீழ்த்தளம். மழைக்கு விடுமுறை விட்டிருந்தார்கள், ஆள் இல்லை. ஒரு பில்லரின் மூலையில் மேலிருந்து கீழே நேர்கோடாக விரிசல். விரிசலின் வழியாகப் பழுப்புக் கறை இறங்கியிருந்தது. அவன் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டினான். உள்ளே ஒன்றுமில்லாத சத்தம் வந்தது. உப்புத் தண்ணீரில் கலவை போட்டால் கம்பி உள்ளேயே துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டை வெளியே தள்ளும். சிதம்பரத்துப் பக்கம் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன. படித்ததே அந்த ஊரில்தான்.

"மேல எத்தன வகுப்பு?"

"நாலு மாமா. எல்லாம் சின்னப் பிள்ளைங்க."

"இது யாரு கட்டினது?"

"மாடி எடுக்கறதுக்கு உறுதிச் சான்று குடுத்தது நீங்க மாமா. ஞாபகம் இல்லையா? கனடாவுக்குக் கிளம்பற வாரம். கோர்ட்டு வாசல்ல, டீக்கடையாண்ட."

ஞாபகம் வந்தது. பள்ளிக்காரர் அனுப்பிய ஆள் ஃபைலோடு வந்திருந்தார். மேலே இன்னொரு மாடி எடுக்கலாம், கீழ்த்தளம் தாங்கும் என்று சான்று வேண்டும். சிதம்பரம் ஒரு மணி நேரப் பயணம். போயிருக்கலாம். பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய், பார்த்துவிட்டு, நான் படித்த ஊரில் ஒரு காபி குடித்துவிட்டு வந்திருக்கலாம். பாஸ்போர்ட் ஜெராக்ஸ் எடுக்கிற அவசரத்தில் ஸ்கூட்டர் சீட்டின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டு, சீலும் குத்திக் கொடுத்தேன். நேரில் ஆய்வு செய்ததில் கட்டடம் நல்ல நிலையில் உள்ளது. அந்த வாசகம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

"நீங்க பாக்காம போட்டது எனக்குத் தெரியும். நான்தான வண்டி ஓட்டிட்டு வந்தேன். அதனால வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி நான் வந்து பாத்துட்டுப் போவேன். போன வருஷம் வரைக்கும் ஒண்ணுமில்ல. இந்த வருஷம் இப்படி."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க அங்க உக்காந்துக்கிட்டு என்னா பண்ணுவீங்க? கவலைதான் படுவீங்க." டார்ச்சை அணைத்தான். "இப்ப அங்கீகாரம் புதுப்பிக்க மறுபடியும் சான்று கேக்குறாங்க. கடைசித் தாளை எடுத்து டைப் அடிக்கலாம்னு வச்சு, சீலையும் மை தொட்டுட்டேன். மனசு வரல மாமா. அப்படியே வச்சிட்டேன். நீங்க பாத்த ஈரம் அதுதான்."

பள்ளிக்காரருக்கு என்ன பதில் சொன்னாய் என்று கேட்டேன்.

"முடியாதுன்னு சொல்லிட்டேன். அவுங்க என்னா கேக்குறாங்க தெரியுமா? உன் மாமா பி.இ., அவரே நல்லா இருக்குதுன்னு குடுத்திருக்காரு, ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கோம், டிப்ளமோ நீ யாரு சொல்றதுக்குன்றாங்க. வேற யாருகிட்டயாவது வாங்கிக்குவாங்க மாமா. வியாழக்கிழமை ஸ்கூல் தொறக்குறாங்க."

பள்ளி ஆபீஸ் அறையின் சுவரைக் காட்டினான். கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் என் லெட்டர்ஹெட், என் கையெழுத்து, என் வட்ட சீல். மாலை வேறு போட்டிருந்தார்கள், சாமி படங்களோடு வரிசையில் இருந்ததால் அதற்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். இத்தனை வருஷமாக அந்த மாடிக்குக் கீழே என் பெயர் நின்றுகொண்டிருக்கிறது. அவன் சொல்வது எடுபடாததற்குக் காரணம் அந்தச் சட்டத்துக்குள் இருந்தது.

7

அன்றைக்கே உட்கார்ந்து கடிதம் எழுதினேன். நான் அந்தக் கட்டடத்தை நேரில் பார்க்காமலே சான்று கொடுத்தேன். அந்தச் சான்றைத் திரும்பப் பெறுகிறேன். இப்போது பில்லர் பழுதாகியிருக்கிறது. மாடியில் யாரையும் உட்காரவைக்கக் கூடாது. நாலே வரி. இருபத்தைந்து வருஷத்தில் நான் தமிழில் எழுதிய முதல் உண்மையான தொழில் கடிதம் அதுதான் என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் எடுத்து, பள்ளிக்கும் சம்பந்தப்பட்ட அரசு அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். பள்ளியிலிருந்து பதில் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை குமரவேல் அந்த அலுவலகத்திலிருந்து கூப்பிட்டான். கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு பேசினான்.

"மாமா, பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். செல்லாதாம்."

"ஏன்?"

"ஒரிஜினல் கையெழுத்து வேணுமாம். லெட்டர்ஹெட்ல இருக்கணுமாம். சீல் இருக்கணுமாம். சீல் வச்ச சான்றை வெத்துத் தாள்ல ரத்து பண்ண முடியாதுன்றாரு சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. பார்க்காமல் கொடுத்த சான்றை ஒரு கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டவர்கள், பார்த்து எழுதிய உண்மைக்கு சீல் கேட்கிறார்கள். அந்த சாரைத் திட்டியும் பயனில்லை. அவர் விதியைச் சொல்கிறார், நாளைக்கு வேறு எவனாவது என் பெயரில் ரத்துக் கடிதம் கொண்டுவந்தால் என்ன செய்வார்? கூரியரில் அனுப்பினால் பத்து நாளாகும். இடையில் வியாழக்கிழமை இருக்கிறது.

"மாமா," என்றான் குமரவேல். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அந்த ஒரு தாள் இருக்குது. உங்க ஒரிஜினல் கையெழுத்து. சீலும் இருக்குது."

புத்தகம் என் மேஜை மேல்தான் இருந்தது. முத்திரை உன் கையை விட்டுப் போகக் கூடாது. யாழினி மஞ்சள் மையால் கோடு போட்டுக் கொடுத்த வரி.

"நம்ம ஆபீசுக்குப் போ. டைப் அடி. சீல் வைக்கும்போது என்னைக் கூப்பிடு. நான் பாக்கணும்."

அரை மணி நேரத்தில் கூப்பிட்டான். மேஜையில் தாள். நான் எழுதிய நாலு வரி, கீழே பதின்மூன்று வருஷத்துக்கு முந்தைய என் கையெழுத்து. அப்போது 'ஞா'வின் சுழியை ரொம்ப நீட்டமாகப் போட்டிருக்கிறேன், என்ன ஆர்ப்பாட்டமோ. நான் ஒவ்வொரு வரியாகச் சத்தம் போட்டுப் படித்தேன். வசந்தி பக்கத்தில் வந்து நின்றாள். என் தோளில் கை வைத்தாள்.

"போடு மச்சான்."

அவன் சீலை எடுத்துப் பழக்கதோஷத்தில் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு வைத்தான். வட்டம் ஒரு பக்கம் கொஞ்சம் மங்கலாக விழுந்தது.

மறுநாள் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் பள்ளி மாடிப்படிக்குப் பூட்டுப் போட்டார்கள். மேல் வகுப்புகளைப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு மாற்றினார்கள். குமரவேல் பில்லரைச் சுற்றி ஜாக்கி கொடுத்து நிறுத்தி, விரிசலை உடைத்துப் பார்த்துப் படம் அனுப்பினான். கம்பி பென்சில் அளவுக்கு இளைத்திருந்தது. கையால் தொட்டால் உதிரும் போலிருந்தது. படத்தின் கீழே எழுதியிருந்தான்: பிள்ளைங்க யாரும் மேல இல்ல மாமா. அதைப் படித்துவிட்டு நான் கம்பெனி கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

8

மேகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். என் இடத்தை உனக்காக நிறுத்திவைக்க முடியாது, ஆனால் சொன்னதற்கு நன்றி என்றாள். ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். அடுத்த நாளும் என் படத்தைச் சிவப்பில் திருத்தி அனுப்பினாள், வழக்கம்போல.

பரீட்சை எழுதிவிட்டேன். தேறியும்விட்டேன். படிவத்தை எடுத்து 'இல்லை'யை அடித்து 'ஆம்' போட்டேன். கீழே விவரம் எழுத வேண்டும். என் முத்திரையை இன்னொருவர் பயன்படுத்த விட்டேன் என்று ஆரம்பித்தேன். எத்தனை முறை, எதற்கெல்லாம் என்று எழுதாமல் அது முழுமையாகாது. குமரவேலைக் கூப்பிட்டேன்.

"நீ போட்ட பத்தொம்பதும் எதெதுக்குன்னு ஞாபகம் இருக்குதா?"

"ஞாபகம் எதுக்கு மாமா? டைரியே இருக்குது."

பச்சை அட்டை போட்ட டைரி. படிக்க ஆரம்பித்தான். வடலூரில் ஒரு கல்யாண மண்டபம். இரண்டு தடவை போய்ப் பார்த்தது, கூரையில் ஈரம், சரிசெய்யச் சொல்லி, செய்தபிறகு கொடுத்தது. பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கிடங்கு. அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தது. நெல்லிக்குப்பத்தில் ஒரு கிளினிக். மூன்று முறை மறுத்து, நாலாவது முறை கொடுத்தது. பத்தொன்பதும் அப்படித்தான். எந்தத் தேதியில் போனான், எங்கே தட்டினான், என்ன சத்தம் வந்தது, எல்லாம் எழுதியிருந்தான். உரிமம் இல்லாதவன். என் பெயரைச் சொல்லி ஏமாற்றியவன். சட்டப்படி அவன் செய்தது குற்றம்தான், அதை நான் மாற்றி எழுதப்போவதில்லை. படிவத்தில் பத்தொன்பதையும் எழுதினேன், இருபதாவதையும் சேர்த்து.

"அவ்ளோதான் மாமா," என்று டைரியை மூடினான். "சீலை என்னா பண்றது?"

"அறுத்துப் போட்டுடு."

"எங்கையால ஆகாது. நீங்க வரும்போது நீங்களே அறுத்துக்கங்க."

சரியென்றேன். போனை வைக்கப் போன நான் வைக்கவில்லை. ஒரு விஷயம் நெஞ்சில் முள்ளாக நின்றது. கேட்காமல் இருந்திருக்கலாம். "மச்சான், நான் அங்க இருந்தப்ப குடுத்ததுக்கு இதே மாதிரி டைரி ஏதாவது இருக்குதா?"

"உங்ககிட்ட இல்லையா மாமா?"

என்னிடம் இல்லை. பன்னிரண்டு வருஷம், என் சொந்தக் கையால், என் சொந்த சீல். அதில் எத்தனை போய்ப் பார்த்துப் போட்டது, எத்தனை டீக்கடையில் நின்று போட்டது என்று எனக்குத் தெரியாது. படிவம் அதைக் கேட்கவும் இல்லை. ஆனால் அந்த வீடுகளில் இப்போதும் ஆட்கள் இருக்கிறார்கள். மழை பெய்துகொண்டிருக்கிறது.

"ஞாபகம் இருக்கறதைச் சொல்றேன்," என்றேன். "நீ ஒவ்வொண்ணா போய்ப் பாக்கணும். என் பேரைச் சொல்லு. பாக்காம போட்டுட்டாரு, அதான் பாக்க வந்தேன்னே சொல்லு. திட்டுனா வாங்கிக்க. முதல்ல திருப்பாதிரிப்புலியூர், ரயில்வே கேட்டுத் தாண்டி, ரெண்டு மாடி வீடு…"

"இருங்க மாமா," என்றான். "பேனா எடுத்துக்கிறேன்."